ஐந்தரை வருடம், இரண்டு பட்டம்: இன்ஜினியரிங்கும் காமர்ஸும் சேர்த்துப் படிப்பது

ஒரு பம்ப் நிலையத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தொட்டிக்கு நொடிக்கு 50 லிட்டர் தண்ணீர் அனுப்ப வேண்டும். 200 மி.மீ. குழாய் போடுவதா, 250 மி.மீ. குழாய் போடுவதா? இரண்டாம் ஆண்டு திரவ இயக்கவியல் படித்த யாரும் இதைப் பத்து நிமிடத்தில் போட்டுவிடுவார்கள். உராய்வுக் கெழு இரண்டுக்கும் 0.02 என்று வைத்துக்கொண்டால், 200 மி.மீ. குழாயில் உராய்வால் இழக்கும் உயரம் 12.9 மீட்டர். 250 மி.மீ. குழாயில் 4.2 மீட்டர். ஓட்டம் மாறாமல் இருந்தால் இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதமாகப் போகும் என்பதால்தான் இந்த மூன்று மடங்கு வித்தியாசம். பம்பின் திறன் 70% என்றால் பெரிய குழாய் சுமார் 6.1 கிலோவாட் மிச்சப்படுத்தும். வருடத்துக்கு 4,000 மணி நேரம் ஓடினால் 24,300 யூனிட் மின்சாரம். யூனிட் 20 சென்ட் என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 4,870 டாலர்.

இன்ஜினியரிங் வகுப்பு பெரும்பாலும் இங்கே நின்றுவிடும். பெரிய குழாய்க்கு மீட்டருக்கு 45 டாலர் கூடுதல், மொத்தம் 45,000 டாலர் என்று வைப்போம். போடலாமா?

20 வருட மிச்சத்தை 7% டிஸ்கவுன்ட் ரேட்டில், அதாவது பின்னால் வரும் பணத்தை வருடத்துக்கு இவ்வளவு என்று குறைத்து மதிப்பிடும் விகிதத்தில், இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 51,500 டாலர் வரும். போடலாம். 10% வைத்தால் 41,400. போடக்கூடாது. குழாயும் அதேதான், தண்ணீரும் அதேதான். முடிவு மட்டும் தலைகீழாகிவிட்டது. இன்னும் ஒரு படி போனால், அந்த 7%, 10% இரண்டும் பணவீக்கத்தை உள்ளடக்கிய விகிதங்கள், மின்கட்டணமோ 20 வருடத்துக்கும் 20 சென்ட் என்று அசையாமல் நிற்கிறது. இது பொருந்தாத கணக்கு. கட்டணமும் வருடத்துக்கு 2.5% ஏறும் என்று எடுத்துக்கொண்டால் 10%-இலும் இன்றைய மதிப்பு 50,000 டாலரைத் தாண்டிவிடும். மறுபடி போடலாம் என்றாகிறது. அதற்குள் ஒருவர் வந்து "பம்ப் வருடத்துக்கு 4,000 மணி நேரம் ஓடாது, 3,500 மணி நேரம்தான்" என்று சொன்னால், கட்டணம் ஏறாத 7% கணக்கு லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் ஏறத்தாழ 45,000-இல் வந்து நிற்கும்.

இந்த ஒரு குழாய்க் கணக்கை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒரே ஆள் போடுவதற்காகத்தான் இன்ஜினியரிங்கும் காமர்ஸும் சேர்ந்த இரட்டைப் பட்டம். இன்ஜினியர் கொடுத்த மிச்ச யூனிட்டை அப்படியே நம்பும் நிதி ஆளுக்கு, 4,000 மணி நேரம் என்பது ஓர் ஊகம் என்று தெரியாது. நிதிப் பிரிவு கொடுத்த 10%-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளும் இன்ஜினியருக்கு, அதில் பணவீக்கம் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றாது. தவறு எப்போதும் இரண்டு மேசைகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. "இரண்டு டிகிரி இருந்தால் வேலை சுலபமாகக் கிடைக்கும்" என்பதற்காக மட்டும் இதில் சேருபவர்கள் மூன்றாம் வருடத்திலேயே சோர்ந்துபோகிறார்கள். இந்தக் கணக்கு பிடித்தவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள்.

இந்தச் சேர்க்கை அதிகம் வழக்கத்தில் இருப்பது ஆஸ்திரேலியாவில். அதனால் அந்த நாட்டு விதிகளையும் பணத்தையும் வைத்தே எழுதுகிறேன்.

56 எப்படி 44 ஆகிறது

ஆஸ்திரேலியாவில் முழுநேரப் படிப்பு என்றால் பொதுவாக வருடத்துக்கு 8 யூனிட். ஒரு யூனிட் என்பது ஒரு செமஸ்டர் முழுக்கப் படிக்கும் ஒரு பாடம். இன்ஜினியரிங் ஆனர்ஸ் 4 வருடம், 32 யூனிட். காமர்ஸ் 3 வருடம், 24 யூனிட். தனித்தனியாகப் படித்தால் 56 யூனிட், 7 வருடம். சேர்த்துப் படித்தால் பல்கலைக்கழகத்தைப் பொறுத்து 5 வருடத்திலிருந்து 6 வருடம் வரை. ஐந்தரை வருடம் என்று வைத்தால் 44 யூனிட்.

காணாமல் போன 12 யூனிட் எங்கே? காமர்ஸ் பட்டத்தில் விருப்பம்போல எடுக்கக்கூடிய பாடங்களுக்கு ஏறக்குறைய 8 இடம் இருக்கும். அந்த இடங்களை இன்ஜினியரிங் பாடங்கள் நிரப்பிவிடுகின்றன. இன்ஜினியரிங் பக்கத்திலுள்ள இரண்டு மூன்று விருப்பப் பாடங்களைக் காமர்ஸ் நிரப்புகிறது. புள்ளியியல் போன்ற ஒன்றிரண்டு பாடங்கள் இரு பக்கத்துக்கும் பொதுவாக எண்ணப்படும்.

அதாவது உங்களுக்குச் சலுகை எதுவும் தரப்படவில்லை. மூச்சுவிடும் இடம் எடுக்கப்பட்டிருக்கிறது. ஒற்றைப் பட்டம் படிப்பவர் ஒரு பாடத்தில் தவறினால் ஒரு விருப்பப் பாடத்தை நகர்த்திவைத்து அந்த இடத்தில் திரும்ப எழுதலாம். இரட்டைப் பட்டத்தில் 44-இல் ஏறத்தாழ எல்லாமே கட்டாயம். நகர்த்துவதற்கு ஒன்றும் இருக்காது.

இதனால்தான் இந்தப் படிப்பின் கஷ்டம் பாடங்களில் இருப்பதைவிட அவற்றின் வரிசையில் இருக்கிறது என்கிறேன். கணக்குப்பதிவியலோ நுண்பொருளியலோ இன்ஜினியரிங் கணிதம் தேறியவருக்குப் பெரிய மலை இல்லை. எந்தப் பாடத்தை எந்த செமஸ்டரில் வைப்பது என்பதுதான் மலை.

கடைசி வருடத்திலிருந்து பின்னோக்கி

முதல் வருடத்தில் சேர்ந்ததும் பெரும்பாலானோர் கையேட்டைத் திறந்து, முதல் செமஸ்டருக்கு நான்கு பாடம், அடுத்ததற்கு நான்கு என்று மேலிருந்து கீழே நிரப்பிக்கொண்டே போவார்கள். நான்காம் வருடத்தில் போய் முட்டுவார்கள். திட்டத்தைக் கீழிருந்து மேலே போட வேண்டும்.

ஒரு பெரிய தாளில் 11 வரிசை, வரிசைக்கு 4 கட்டம். கடைசி இரண்டு வரிசையில் முதலில் இன்ஜினியரிங் ஆய்வுத் திட்டத்தை வையுங்கள். அது பொதுவாக அடுத்தடுத்த இரண்டு செமஸ்டர்களில் இடைவெளி இல்லாமல் எடுக்க வேண்டியது. அதற்குப் பக்கத்தில் இறுதி வடிவமைப்புப் பாடம். பல இடங்களில் அது வருடத்துக்கு ஒரு முறைதான் நடத்தப்படும். காமர்ஸ் பக்கத்தின் இறுதிப் பாடத்தையும் வையுங்கள். தலைமைப் பாடத்தின், அதாவது காமர்ஸில் நீங்கள் சிறப்பாக எடுக்கும் துறையின் (மேஜர்), மற்ற யூனிட்களை முடித்தவர்களைத்தான் அதில் சேர்ப்பார்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் முன்தேவை என்ன, அதற்கு முன்தேவை என்ன என்று பின்னோக்கி நடங்கள்.

சிவில் எடுத்துக்கொள்வோம். எஃகு அல்லது கான்கிரீட் வடிவமைப்புக்கு முன் கட்டமைப்புப் பகுப்பாய்வு. அதற்கு முன் திடப்பொருள் இயக்கவியல். அதற்கு முன் நிலையியல். அதோடு சேர்த்துக் கணிதம் 1, கணிதம் 2. கணிதத்தைச் சேர்க்காமலே நான்கு கண்ணிச் சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் வருடத்தில் ஒரு செமஸ்டரில் மட்டும் நடக்கிறது என்றால், நிலையியலில் தவறியவருக்கு நஷ்டம் ஒரு செமஸ்டர் இல்லை, ஒரு முழு வருடம். காமர்ஸ் சங்கிலி இதைவிடக் குட்டை: நிதியியலுக்குக் கணக்குப்பதிவியல், நுண்பொருளியல், புள்ளியியல் மூன்றும் அடித்தளம், அதன்மேல் நிறுவன நிதி, அதன்மேல் முதலீடு, வழிப்பொருள் (டெரிவேட்டிவ்) சந்தைகள். முதல் வருட காமர்ஸ் பாடங்கள் பெரும்பாலும் இரண்டு செமஸ்டரிலும் நடக்கும், சில கோடைக்காலத்திலும் நடக்கும்.

இதிலிருந்து ஒரு முடிவு தானாக வருகிறது. சங்கிலி நீளமானதை முன்னால் தள்ளுங்கள், குட்டையானதைக் கொண்டு ஓட்டைகளை அடையுங்கள். முதல் வருடத்தில் கணிதம், இயற்பியல், நிரலாக்கம், நிலையியல் எதையும் ஒத்திப்போடாதீர்கள். காமர்ஸில் செமஸ்டருக்கு ஒன்று போதும். "முதல் வருடம் லேசாக இருக்கட்டும்" என்று காமர்ஸ் அடிப்படைப் பாடங்களை எல்லாம் அப்போதே முடித்துவிட்டால், நான்காம் வருடத்தில் நான்கும் ஆய்வகப் பாடமாக வந்து நிற்கும். வாரத்துக்கு நான்கு ஆய்வக அறிக்கையும் ஒரு வடிவமைப்புக் குழுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. கோடைப் பருவத்தில் என்ன நடத்துகிறார்கள் என்ற பட்டியலைத் திட்டத் தாளின் ஓரத்தில் எழுதிவையுங்கள். தவறிய கணிதத்தைக் கோடையில் எடுக்க முடிந்தால் அந்த ஒரு வருட நஷ்டம் ஆறு வாரத்து உழைப்பாகச் சுருங்கிவிடும். ஆனால் நடுச் சங்கிலி இன்ஜினியரிங் பாடங்கள் கோடையில் கிடைப்பது அரிது. சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2019-இல் வருடத்துக்கு மூன்று பருவ முறைக்கு மாறியபோது ஒரு பருவத்தின் நீளம் பத்து வாரமாகச் சுருங்கியது. அப்படிப்பட்ட இடங்களில் மூன்றாம் வாரத்தில் புரியாமல் போனதை ஏழாம் வாரத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு வேலைக்காகாது.

இரண்டு விதமான மூளை வேலை

ஒரு யூனிட்டுக்கு வாரத்துக்குப் பத்து மணி நேரம் என்பதுதான் பல்கலைக்கழகங்கள் வைக்கும் பொதுக் கணக்கு. நான்கு யூனிட் என்றால் 40 மணி நேரம். ஆனால் இந்தப் பத்து மணி நேரம் இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி விழாது.

இன்ஜினியரிங்கில் சுமை வாராவாரம் சீராக வரும். கணக்குத் தாள், ஆய்வகம், சிறு தேர்வு. காமர்ஸில் முதல் ஐந்து வாரம் அமைதியாக இருந்துவிட்டு, ஆறாம் வாரத்திலிருந்து ஒரு குழு அறிக்கை, ஒரு கட்டுரை, ஒரு வகுப்பு விளக்கவுரை என்று ஒன்றாக விழும். அந்த அமைதியை நம்பிக் காமர்ஸைக் கிடப்பில் போடுவது இரட்டைப் பட்டக்காரர்களிடம் திரும்பத் திரும்பக் காணும் பிழை. டுட்டோரியலில் பேசுவதற்கே மதிப்பெண் உண்டு. முன்கூட்டிப் படிக்காமல் போய் உட்கார்ந்தால் அந்த மதிப்பெண் போய்விடும், பிறகு எந்தத் தேர்வாலும் அதை மீட்க முடியாது.

எழுத்து வேறு. இன்ஜினியரிங் விடையில் ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து வரும். கடைசியில் ஓர் எண், அதற்கு ஓர் அலகு. காமர்ஸ் கட்டுரையில் முதல் பத்தியிலேயே உங்கள் நிலைப்பாடு என்ன என்று சொல்லியாக வேண்டும். எதிர்வாதத்தை எடுத்துவைத்துப் பதில் சொல்ல வேண்டும். இன்ஜினியரிங் மாணவர்கள் எழுதும் முதல் காமர்ஸ் கட்டுரைகளில் தரவு நிறைய இருக்கும், வாதம் கடைசிப் பத்தியில்தான் எட்டிப்பார்க்கும். மதிப்பெண் அங்கேதான் குறைகிறது. பதிலுக்கு, கணித அடித்தளம் இருப்பதால் நிதியியலும் பொருளாதார அளவியலும் அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

நிதிப் பாடத்தில் இன்ஜினியர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். திட்டத்தின் ரொக்க ஓட்டத்தைக் கணக்கிடும்போது தேய்மானத்தை ஒரு செலவாகக் கழித்துவிடுவார்கள். இயந்திரத்துக்கான பணம் முதல் வருடமே கையைவிட்டுப் போய்விட்டது. தேய்மானம் என்பது அந்தச் செலவைப் பல வருடங்களுக்குப் பிரித்துக் காட்டும் கணக்குப் பதிவு. அதைத் திரும்பக் கழித்தால் ஒரே செலவை இரு முறை எண்ணியதாகும். ஆனால் முற்றிலும் மறந்துவிடவும் கூடாது. கம்பெனி வரி 30% என்றால் 10,000 டாலர் தேய்மானம் 3,000 டாலர் வரியை மிச்சப்படுத்தும். அந்த 3,000 உண்மையான ரொக்கம். இயந்திரத்தின் தேய்வைக் கண்ணால் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த இரண்டும் வேறு என்பது மனதில் நிற்க ஒரு செமஸ்டர் ஆகும்.

எதோடு எது

காமர்ஸ் என்றதும் பேரேடும் இருப்புநிலைக் குறிப்பும்தான் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியக் காமர்ஸ் பட்டத்தில் பொருளியல், நிதியியல், வணிகப் பகுப்பாய்வு, சந்தைப்படுத்தல், தகவல் அமைப்பு, மேலாண்மை எல்லாம் தலைமைப் பாடமாக எடுக்கலாம். தலைமைப் பாடம் என்பது பொதுவாக ஆறு முதல் எட்டு யூனிட்.

மின்பொறியியலோடு பொருளியல் என்பதுதான் இன்று மிகவும் வளமான சேர்க்கை என்பது என் கருத்து. ஆஸ்திரேலியாவின் தேசிய மின்சாரச் சந்தை 1998 டிசம்பரில் தொடங்கியது. குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா எல்லாம் அதில் அடக்கம். மேற்கு ஆஸ்திரேலியாவும் வட பிரதேசமும் இல்லை. 2021 அக்டோபர் 1 வரை விலை அரை மணி நேரச் சராசரியில் தீர்க்கப்பட்டது. அதன்பின் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை. இந்த ஒரு விதி மாற்றம் பேட்டரிக்குச் சாதகம். பேட்டரியால் நொடிக்குள் பாய முடியும். விலை ஏறிய அதே ஐந்து நிமிடத்தில் விற்றதற்கு முழு விலையும் கிடைக்கும், அரை மணிச் சராசரியில் கரைந்துபோகாது. மெதுவாகச் சூடேறும் எரிவாயு டர்பைனுக்கு அந்த வசதி இல்லை. பேட்டரி எவ்வளவு வேகமாகப் பாயும் என்பது மின்பொறியியல். விலைத் தீர்வு இடைவெளி எப்படி முதலீட்டை நகர்த்துகிறது என்பது பொருளியல். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வருகிறது.

சிவிலுக்கு நிதியியல் பொருந்தும்: சுங்கச்சாலை, சுரங்கப்பாதை, தனியார் பங்கேற்புடன் கட்டும் மருத்துவமனை. சுரங்கப் பொறியியலுக்கும் அதேதான். மென்பொருளுக்குத் தகவல் அமைப்பு எடுப்பவர்கள் நிறைய, ஆனால் அந்த இரண்டுக்கும் பாட அளவில் ஒன்றின்மேல் ஒன்று விழும் பகுதி அதிகம். படித்ததையே திரும்பப் படிப்பதற்குப் பதில் நிதியியலோ பொருளியலோ எடுக்கலாம்.

கணக்குப்பதிவியல் எடுப்பவர்கள் மட்டும் மிகக் கவனமாக இருக்க வேண்டும். சிபிஏ ஆஸ்திரேலியா, சார்டர்ட் அக்கவுன்டன்ட்ஸ் போன்ற கணக்காளர் தொழில் அமைப்புகளில் சேர்வதற்கு வெறும் தலைமைப் பாடம் போதாமல் போகலாம். நிதிக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், தணிக்கை, வரிச் சட்டம், கம்பெனிச் சட்டம், வணிகச் சட்டம், நிறுவன நிதி, பொருளியல், புள்ளியியல் போன்றவற்றில் அந்தந்த அமைப்பு கேட்பவற்றை முடித்திருக்க வேண்டும். இரட்டைப் பட்டத்தில் காமர்ஸுக்கு இருப்பது ஏறத்தாழ 16 இடம். தலைமைப் பாடத்தை எட்டு யூனிட்டில் முடித்துப் பட்டமும் வாங்கிவிட்டு, அந்த அமைப்பு கேட்கும் ஏதோ ஒரு பாடம் இல்லாததால் வெளியே நிற்பது நடக்கிறது. பிறகு அந்த இடைவெளியைத் தனியாகத் தேர்வெழுதியோ கூடுதல் யூனிட் படித்தோ அடைக்கலாம். ஆனால் முதல் வருடமே அந்த அமைப்பின் தளத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தின் இரட்டைப் பட்டக் குறியீட்டைப் போட்டுத் தேடினால் அந்தச் செலவு மிச்சம்.

இன்ஜினியரிங் பக்கத்தில் இந்தத் தொல்லை குறைவு. என்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா அங்கீகரித்த நான்காண்டு ஆனர்ஸ் பட்டம் ஒரு நாட்டின் பொறியியல் பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகள் ஏற்பதற்கான 1989-ஆம் ஆண்டு வாஷிங்டன் உடன்படிக்கையின் கீழ் வருகிறது. ஆஸ்திரேலியா அதைத் தொடங்கிய நாடுகளில் ஒன்று. இந்தியாவும் இலங்கையும் 2014-இல் முழு உறுப்பினராயின. ஆனால் அங்கீகாரப் பட்டியலிலும் உங்கள் சேர்க்கை தனி வரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். புதிதாகத் தொடங்கிய பிரிவுகளுக்குத் தற்காலிக அங்கீகாரம் மட்டுமே இருக்கக்கூடும்.

பணம்

இங்கே பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். அரசு மானிய இடத்தில் படிப்பவருக்குக் கட்டணம் பட்டத்தின் பெயரில் வருவதில்லை. யூனிட் யூனிட்டாக, ஒவ்வொன்றும் எந்தத் துறையோ அந்தத் துறையின் வீதத்தில் வருகிறது. 2021-இல் வந்த மாற்றத்தில் ஒரு முழு வருடத்துக்கு மாணவர் பங்கு கணிதத்துக்கு 3,950 டாலர், இன்ஜினியரிங்குக்கும் அறிவியலுக்கும் 7,950, வணிகத்துக்கும் பொருளியலுக்கும் 14,500 என்று வைத்தார்கள். அதன்பின் ஒவ்வொரு வருடமும் விலைவாசியோடு ஏறியிருக்கிறது, விகிதம் ஏறத்தாழ அதேதான்.

அந்த 2021 வீதத்திலேயே 44 யூனிட்டைப் பிரித்துப் பாருங்கள். கணிதம் 3 யூனிட், யூனிட்டுக்கு 493.75 வீதம் 1,481 டாலர். மற்ற இன்ஜினியரிங், அறிவியல் 25 யூனிட், 993.75 வீதம் 24,844. காமர்ஸ் 16 யூனிட், 1,812.50 வீதம் 29,000. மொத்தம் சுமார் 55,300 டாலர். எண்ணிக்கையில் சிறிய பாதியான காமர்ஸ்தான் செலவில் பெரிய பாதி. தனி இன்ஜினியரிங் நான்கு வருடத்துக்கு 30,000 அளவில் முடிந்திருக்கும். எனவே "காமர்ஸை எடுத்தால் என்ன, கூட ஒன்றரை வருடம்தானே" என்று கேட்பவர்கள், அந்த ஒன்றரை வருடத்தின் விலை இன்ஜினியரிங்கின் நான்கு வருட விலைக்குக் கிட்ட வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதைவிட முக்கியமான ஒன்று. நிரந்தர வசிப்புரிமை, அதாவது பி.ஆர். வைத்திருப்பவருக்கு மானிய இடம் கிடைக்கும், ஆனால் மாணவர் பங்கைக் கட்ட அரசு தரும் ஹெக்ஸ்-ஹெல்ப் கடன் கிடைக்காது. மனிதாபிமான நிரந்தர விசாவில் வந்தவர்களுக்குக் கிடைக்கும். குடியுரிமை பெற்றவர்களுக்குக் கிடைக்கும். வேலை விசா வழியாக பி.ஆர். பெற்ற குடும்பத்துப் பிள்ளை, ஒவ்வொரு செமஸ்டர் பங்கையும் சென்சஸ் தேதிக்குள், அதாவது அந்த செமஸ்டர் சேர்க்கை உறுதியாகும் நாளுக்குள், கையிலிருந்து கட்ட வேண்டும். நான்கு காமர்ஸ் யூனிட் விழும் செமஸ்டரில் அது 7,250 டாலர், அதுவும் 2021 வீதத்தில். குடியுரிமை விண்ணப்பத்துக்குத் தகுதி வரும் தேதி தெரிந்தால், விலை கூடிய காமர்ஸ் பாடங்களில் நகர்த்த முடிந்ததை அந்தத் தேதிக்குப் பின்னால் தள்ளலாம். சங்கிலி குட்டை என்பதால் காமர்ஸுக்கு இது பொருந்தியும் வருகிறது.

சென்சஸ் தேதி பற்றி ஒரு வரி: அந்த நாளுக்கு முன் ஒரு யூனிட்டிலிருந்து விலகினால் கட்டணமும் கிடையாது, தோல்வியும் பதிவாகாது. முதல் செமஸ்டருக்கு அது பெரும்பாலும் மார்ச் இறுதி. நான்காவது வாரத்திலேயே "இது இந்த செமஸ்டர் தாங்காது" என்று தெரிந்தால் தயங்காமல் விலகுங்கள். ஹெக்ஸ்-ஹெல்ப் கடனுக்கு வட்டி இல்லை, ஆனால் ஒவ்வொரு ஜூன் 1-ஆம் தேதியும் விலைவாசி அல்லது ஊதியக் குறியீடு, இதில் எது குறைவோ அதன்படி ஏறும். 2022 முதல் ஒருவருக்கு மொத்தம் ஏழு வருட மானியப் படிப்பு உரிமை என்ற வரம்பும் இருக்கிறது. ஐந்தரை வருடம் போனால் மிச்சம் 12 யூனிட். தவறியதைத் திரும்பப் படிப்பதும் அதில்தான் கழியும்.

சர்வதேச மாணவர்களுக்கு இந்த மானியக் கணக்கு எதுவும் பொருந்தாது, முழுக் கட்டணம். அவர்களுக்கு நேராகச் சொல்வதென்றால், இந்த ஒன்றரை வருடக் கட்டணத்துக்கு ஒற்றை இன்ஜினியரிங் முடித்து வேலை பார்த்துக்கொண்டே பின்னால் ஒரு நிதி முதுகலை படிப்பது பெரும்பாலும் புத்திசாலித்தனம்.

நடுவில் ஒன்றை விடுவது

இதைப் பற்றி யாரும் முதலில் பேசுவதில்லை. சேரும்போதே தெரிந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டுவிட அனுமதி உண்டு, ஆனால் எதை விடுகிறோம் என்பதைப் பொறுத்து நஷ்டம் மாறும்.

இரண்டாம் வருட முடிவில் 16 யூனிட் முடித்திருக்கிறீர்கள், 11 இன்ஜினியரிங், 5 காமர்ஸ் என்று வைப்போம். இன்ஜினியரிங்கை விட்டால், தனிக் காமர்ஸ் பட்டத்தில் விருப்பப் பாடத்துக்கு இருக்கும் சுமார் 8 இடத்தில் உங்கள் இன்ஜினியரிங் யூனிட் 8 போய் உட்கார்ந்துவிடும். வீணாவது மூன்றுதான். மாறாகக் காமர்ஸை விட்டால், தனி இன்ஜினியரிங் பட்டத்தில் விருப்ப இடம் இரண்டு மூன்றுக்குமேல் இருக்காது. இரண்டு மூன்று வீணாகும். இந்தக் கட்டத்தில் இரண்டும் சமம். நான்காம் வருடத்தில் நிலைமை வேறு: காமர்ஸில் 11 முடித்துவிட்டு அதை விட்டால் எட்டு யூனிட், ஒரு முழு வருடம், விலை கூடிய வருடம், அப்படியே போகும். இன்னும் ஐந்து யூனிட் படித்தால் பட்டமே வந்துவிடும் நிலையில் விடுவது அர்த்தமில்லை. ஆகவே காமர்ஸை விடுவதென்றால் இரண்டாம் வருட முடிவுக்குள் விடுங்கள். அதைத் தாண்டிவிட்டால் முடித்துவிடுங்கள்.

மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்ஜினியரிங்கில் ஆனர்ஸ் நான்கு வருடத்துக்குள்ளேயே அடங்கியது. அதன் தரம் பல இடங்களில் இன்ஜினியரிங் யூனிட்களை மட்டும் வைத்து, மேல் வருடப் பாடங்களுக்கும் ஆய்வுத் திட்டத்துக்கும் கூடுதல் எடை கொடுத்துக் கணக்கிடப்படும். காமர்ஸ் ஆனர்ஸ் என்பது பட்டம் முடித்தபின் தனியாக ஒரு வருடம். ஆய்வுத் திட்ட செமஸ்டரில் பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பது ஆனர்ஸ் தரத்தை நேரடியாகத் தொடும். நகர்த்த முடிந்த ஒரு லேசான காமர்ஸ் பாடத்தை அந்த செமஸ்டருக்கு என்றே மிச்சம் வைத்திருப்பவர்கள் சரியாகச் செய்கிறார்கள்.

தொழிற்பயிற்சியும் கடைசி அரை வருடமும்

இன்ஜினியரிங் பட்டம் வாங்க வேலை அனுபவம் கட்டாயம். பல பல்கலைக்கழகங்களில் அது 60 நாள் அல்லது 12 வாரம், யூனிட் கணக்கில் வராத தனி நிபந்தனை. வங்கியிலோ ஆலோசனை நிறுவனத்திலோ செய்த கோடைப் பயிற்சியை இதற்கு ஏற்பார்களா? பொறியியல் தன்மையுள்ள வேலை என்று காட்ட முடிந்த பகுதியை மட்டும் ஏற்பார்கள், சில இடங்களில் அதுவும் இல்லை. பயிற்சியில் சேரும் முன்பே பணி விவரத்தைக் கொடுத்து எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பயிற்சி முடிந்தபின் கேட்பது வீண்.

நிறுவனங்கள் கோடைப் பயிற்சிக்கு ஆள் எடுப்பது "கடைசிக்கு முந்தைய வருடம்" படிப்பவர்களை. ஐந்தரை வருடப் படிப்பில் அது எந்த வருடம் என்பதில் குழப்பம் வரும். பிப்ரவரியில் சேர்ந்தவர் ஆறாவது வருட ஜூனில் முடிப்பார். விண்ணப்பத்தில் "எப்போது பட்டம் முடிகிறது" என்ற கட்டத்தில் மாதத்தோடு எழுதுங்கள். நான்காம் வருட இறுதிக் கோடை, ஐந்தாம் வருட இறுதிக் கோடை என்று இரண்டு வாய்ப்பு உங்களுக்கு உண்டு. ஒன்றை இன்ஜினியரிங் நிறுவனத்துக்கும் மற்றதை நிதிப் பக்கத்துக்கும் வைக்கலாம். விண்ணப்பங்கள் கோடைக்குப் பல மாதம் முன்பே, வருடத்தின் முதல் பாதியிலேயே திறந்து மூடிவிடும்.

புதுப் பட்டதாரிகளுக்கான வேலைத் திட்டங்கள் பெரும்பாலும் பிப்ரவரியில் தொடங்கும். ஜூனில் முடிப்பவருக்கு நடுவில் ஏழு மாதம் காலி. 60 நாள் பயிற்சி முடிக்காமல் மிச்சமிருந்தால் அதற்கு அது நல்ல இடம். ஆனால் பயிற்சி முடியாமல் பட்டம் கையில் வராது, பட்டமளிப்பு அடுத்த சுற்றுக்குத் தள்ளிப்போகும், வேலை ஒப்பந்தத்தில் "பட்டம் முடித்திருக்க வேண்டும்" என்ற நிபந்தனை இருந்தால் அங்கே சிக்கும். ஜூலையிலும் ஆள் சேர்க்கும் நிறுவனங்கள் சில உண்டு. எந்தத் தேதியில் சேர முடியும் என்று வேலை உறுதியானதுமே கேட்டு எழுத்தில் வாங்கிவிட்டு, அதற்கேற்ப கடைசி நான்கு யூனிட்டை எந்தப் பருவத்தில் வைப்பது என்று திட்டத் தாளின் அடி வரிசையைத் திருத்துங்கள்.